ஞாயிறு ஏழரை

யாரும் எடுத்துப் பயன்படுத்தி, திருத்தி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கான குழுக்கள் இணையத்தில் நடத்தும் கூட்டங்களைப் பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த மாதம் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டன. பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் இருக்கிறேன். பகலில் சம்பளத்துக்கு நிரல் எழுதுகிறேன்; ஞாயிறு இரவில் சம்பளமில்லாமல், ஒரு தமிழ் எழுத்துப்பிழை திருத்திக்காக. அந்தக் குழுவின் வாரக் கூட்டத்தை ஏழு வருடமாகக் கூட்டுகிறேன். கூட்டுவது என்றால் பெருக்குவது என்றும் ஒரு பொருள் உண்டு. இரண்டையும் செய்கிறேன்.

கல்லூரியில் கட்டற்ற மென்பொருள் குழு தொடங்கினோம். முதல் இணையக் கூட்டத்துக்கு 43 பேர் வந்தார்கள். நான்காவது வாரம் நான், என் அறைத்தோழி, ஜூனியர் பையன் ஒருவன். அவ்வளவுதான். நிறுத்திவிடலாமா?
— மாணவி, திருநெல்வேலி

மூன்று பேர் வந்தீர்கள் அல்லவா? அப்படியானால் கூட்டம் நடந்திருக்கிறது. முதல் நாள் நடந்தது கடைத் திறப்பு விழா. ரோஸ்மில்க் குடித்துவிட்டுப் போனவர்கள் எல்லாரும் மறுநாள் சாமான் வாங்க வருவார்களா?

சென்னை லினக்ஸ் பயனர் குழுவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். (லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளம், ஆனால் கட்டற்றது.) பல வருடங்கள் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை கூடினார்கள். பேச்சாளர் யார், தலைப்பு என்ன என்றெல்லாம் பார்க்காமல், இரண்டாம் சனி என்றால் பஸ் ஏறிவிடுகிற ஆட்கள் இருந்தார்கள். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் ஜிட்சி என்ற இணையக் கூட்டக் கருவியில் கூடித் தமிழிலேயே பேசுகிறது. பேச்சாளரை நம்பி நடக்கிற கூட்டம் பேச்சாளர் கிடைக்காத வாரம் படுத்துவிடும். கிழமையை நம்பி நடப்பது அப்படிப் படுக்காது. அதனால் நாளையும் மணியையும் மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். "இந்த வாரம் எத்தனை மணிக்கு?" என்று ஒருவர் கேட்டால் உங்கள் குழுவுக்குக் காய்ச்சல் என்று பொருள். மூன்று பேர் கேட்டால் ஐசியு.

எங்கள் கூட்டங்களிலேயே மிகச் சிறியது 2 பேர் கூட்டம். நானும், மதுரையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவரும். மற்றவர்கள் எல்லாரும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘அருகாமை’ என்ற சொல்லைப் பிழை என்று காட்டுவதா, விட்டுவிடுவதா என்று ஒரு மணி நேரம் பேசினோம். இலக்கணப்படி அது ‘அருகில் இல்லாமை’ என்ற பொருளைத் தருகிறது, காட்டத்தான் வேண்டும் என்றார் ஐயா. பத்திரிகை எல்லாம் அப்படித்தான் எழுதுகிறது, காட்டினால் ஆட்கள் திருத்தியையே அணைத்துவிடுவார்கள் என்றேன் நான். கடைசியில் சிவப்புக் கோடு வேண்டாம், ‘அருகில்’ என்று ஒரு பரிந்துரை மட்டும் காட்டலாம் என்று முடிந்தது. அந்த விதி இன்றும் நிரலில் இருக்கிறது. 40 பேர் இருந்திருந்தால் அன்றைக்குப் பட்டிமன்றம்தான் நடந்திருக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த 43 பேரில் எத்தனை பேரை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்? புதிதாக வருகிறவர் கையில் ஒரு சின்ன வேலை இல்லாமல் கூட்டத்தை முடிக்கக் கூடாது. "இந்தப் பட்டியலில் ‘ழ’வில் தொடங்கும் சொல் ஏதாவது தப்பித் தவறி இருக்கிறதா என்று பார்த்து அடுத்த வாரம் சொல்லுங்கள்" என்று நான் கொடுப்பது வழக்கம். தமிழில் ‘ழ’வில் சொல் தொடங்காது என்று தெரிந்தவர் சிரிப்பார். தெரியாதவர் தேடித் தெரிந்துகொண்டு வருவார். இரண்டு பேருமே அடுத்த வாரம் வந்துவிடுகிறார்கள்.

எங்கள் திட்டத்தில் யாழ்ப்பாணம், டொரன்டோ, பெர்லின், சிங்கப்பூர், சிட்னி என்று ஆளுக்கொரு மூலை. எல்லாருக்கும் வசதியான நேரம் எது?
— நிரலாளர், கோவை

அப்படி ஒரு நேரம் கிடையாது. தேடுவதை நிறுத்தினாலே பாதி நிம்மதி.

எங்கள் கதையைக் கேளுங்கள். முதலில் ஞாயிறு மாலை ஐந்து மணி என்று வைத்தோம். பெரியவர் ஒருவர், "ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம், புதிதாக ஒன்று தொடங்குகிறோம், வேண்டாமே" என்றார். சரி, அவர் மனசு ஏன் சங்கடப்படவேண்டும் என்று ஏழரைக்கு மாற்றினேன். அடுத்த வாரமே ஒரு பையன் கேட்டான்: "ராகு காலத்துக்குப் பயந்து ஏழரையைக் கூட்டிட்டீங்களே அக்கா?" அன்றிலிருந்து கூட்டத்தின் பெயரே ஏழரைதான். நாட்காட்டியிலும் அப்படித்தான் இருக்கிறது.

நமக்கு இரவு 7:30 என்றால் பொது நேரமான யூடிசியில் 14:00. யாழ்ப்பாணத்தில் நம் கடிகாரமேதான். (எப்போதும் அப்படி இல்லை. 1996இல் மாற்றிய கடிகாரத்தை இலங்கை 2006 ஏப்ரலில்தான் மறுபடி நம் நேரத்துக்குத் திருப்பியது.) சிங்கப்பூரில் இரவு 10. மறுநாள் வேலைக்குப் போகிறவர் கொட்டாவியோடு வருவார். டொரன்டோவில் கோடையில் காலை 10, குளிர்காலத்தில் 9. பெர்லினில் கோடையில் மாலை 4, குளிர்காலத்தில் 3. சிட்னிக்காரருக்கு நள்ளிரவு 12 அல்லது 1. அவர் பாவம்.

‘கோடையில், குளிர்காலத்தில்’ என்று எழுதினேன் பாருங்கள், பல குழுக்கள் கவிழ்வது அங்கேதான். நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை. டொரன்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைக்கிறார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். ஆக, மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் டொரன்டோவுக்கும் பெர்லினுக்கும் இடையில் ஆறு மணி நேர வித்தியாசம் ஐந்தாகச் சுருங்கிவிடும். சிட்னியோ தென்கோளம், அங்கே எல்லாம் தலைகீழ். இதில் போதாக்குறைக்கு மாற்றம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையிலேயே நடக்கிறது, அதாவது சரியாக நம் கூட்டத்தன்று.

எனவே யார் கடிகாரம் மூலக் கடிகாரம் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். எங்களுக்கு இந்திய நேரம். மற்றவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை சரிசெய்துகொள்வார்கள். அழைப்பை வெறும் எழுத்தாக அனுப்பாமல் நேர வலயத்தோடு நாட்காட்டிக் கோப்பாக அனுப்பினால் அவரவர் போனே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

அப்புறம், நஷ்டத்தைப் பங்கு போடுங்கள். ஓப்பன்ஸ்டாக் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் சில குழுக்கள் ஒரு வாரம் ஒரு நேரம், மறு வாரம் வேறு நேரம் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நாங்களும் மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலை 6:30க்கு வைக்கிறோம். சிங்கப்பூரில் காலை 9, சிட்னியில் முன்பகல், டொரன்டோவில் சனி இரவு. பெர்லின்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். நானும் பாதித் தூக்கத்தில்தான் இருப்பேன். ஆனால் சிட்னிக்காரர் மாதத்துக்கு ஒரு நாளாவது மனிதராக உட்கார்ந்து பேசுகிறார்.

ஜூம், மீட், ஜிட்சி. எது நல்லது?
— வாசகர், சேலம்

கட்டற்ற மென்பொருளுக்காகக் கூடுகிறவர்கள் கட்டற்ற கருவியில் கூடினால் அழகு. ஜிட்சி அப்படிப்பட்டது. 2003இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் வேலையாகத் தொடங்கியது. ஜிட்சி என்றால் பல்கேரிய மொழியில் ‘கம்பிகள்’. அதன் பொதுத் தளத்தில் 2023 ஆகஸ்ட் முதல் அறையைத் திறக்கிறவர் மட்டும் கணக்கு வழியாக உள்ளே போகவேண்டும். மற்றவர்கள் லிங்கைத் தட்டினால் போதும். வகுப்பு மாதிரி, வெள்ளைப்பலகையோடு வேண்டுமென்றால் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் பிறந்த பிக்புளூபட்டன் இருக்கிறது. அதற்குச் சொந்த சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும்.

ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும் என்று குறைப்படுகிறார்கள். எனக்கு அது வரமாகத்தான் தெரிகிறது.

படமும் குரலும் இல்லாமல் தட்டச்சிலேயே கூட்டம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 1988இல் பின்லாந்தில் பிறந்த ஐஆர்சி அரட்டையில், லினக்ஸ் வகைகளான டெபியன், ஃபெடோரா குழுக்கள் வருடக்கணக்காக அப்படித்தான் கூடின. வலைத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸின் வாரக் கூட்டம் ஸ்லாக் என்ற அரட்டைச் செயலியில் எழுத்தாகவே நடக்கிறது. நெட் மெதுவாக இருக்கும் ஊர், பக்கத்தில் குழந்தை தூங்கும் வீடு, காது கேளாத நண்பர் என்று எல்லாருக்கும் இடம் இருக்கிறது. குக்கர் விசில் சத்தமும் கேட்காது.

லிங்கைப் பொதுவில் போட்டால் காத்திருப்பு அறையை இயக்கிவிட்டுப் போடுங்கள். ஒரு முறை நான் மறந்தேன். உள்ளே வந்தவர்கள் போட்ட கூச்சலை இங்கே எழுத முடியாது.

குழுவில் ஒரு மூத்தவர் ஐம்பது நிமிடம் பேசுகிறார். கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்தவர் வேறு. எப்படி நிறுத்துவது?
— பெயர் வேண்டாம், திருச்சி

குறிப்பு எழுதும் வேலையை அவரிடம் கொடுங்கள். "சார், நீங்கள் எழுதினால்தான் தெளிவாக இருக்கும்" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை. எழுதிக்கொண்டே பேசுவது யாராலும் ஆகாது. நாங்கள் இரண்டு பேரிடம் இதைச் செய்து பார்த்தோம். ஒருவர் அருமையான குறிப்பாளர் ஆகிவிட்டார். இன்னொருவர் கண்டுபிடித்துவிட்டார், சிரித்துக்கொண்டே ஐந்து நிமிடம் குறைத்தார்.

கருத்துக் கேட்கும்போது புதியவரிடமிருந்து தொடங்குங்கள். சார் பேசியபிறகு மாணவர் வாய் திறக்கமாட்டார். எல்லாம் ‘சார் சொன்னதுதான் என் கருத்தும்’ என்றாகிவிடும்.

கூட்டக் குறிப்பு எழுதத்தான் வேண்டுமா? வாட்ஸ்அப்பில் எல்லாரும் இருக்கிறோமே.
— பொறியாளர், ஓசூர்

இதற்கு நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லவேண்டும். பட்ட கடன் அது.

எங்கள் மூலச்சொல் பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு குறி இருக்கும். பெயரா, வினையா, வேற்றுமை ஏற்கும்போது எப்படித் திரியும் என்பதற்கு. ‘மரம்’ மரத்தை ஆகும், ‘ஆறு’ ஆற்றை ஆகும் அல்லவா, அந்தக் கணக்கு. முன்பு எழுத்துகளால் குறித்துவந்தோம். 2022 மார்ச்சில் ஒரு ஞாயிறு ஆறு பேர் இரண்டு மணி நேரம் பேசி, எண்களுக்கு மாறிவிடலாம் என்று தீர்மானித்தோம். நல்ல தீர்மானம்தான், இன்றும் அதுதான் ஓடுகிறது. பேசி முடித்த சந்தோஷத்தில் ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் அந்த மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு. மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கரண்ட் வருகிற நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து, பழைய எழுத்துக் குறிகளையே 2,300 சொற்களுக்குப் போட்டிருக்கிறார். ஏப்ரலில் அனுப்பினார். நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மூண்டு கிழமையா இதைத்தானே அக்கா செய்துகொண்டிருந்தனான்" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பாதியை நிரல் எழுதி மாற்றினேன். மீதியை இரண்டு பேருமாகக் கையால் மாற்றினோம். அதற்கு நாலு ஞாயிறு ஆனது.

வாட்ஸ்அப்பில் அன்றைக்குச் செய்தி போகாமல் இல்லை. ‘செம மீட்டிங்’ என்று ஒருவர் போட்டிருந்தார். கீழே பதினொரு கைதட்டல்.

அதன் பிறகுதான் கூட்டம் யாருக்காக என்று யோசித்தேன். வந்த ஆறு பேருக்கு எல்லாம் தெரியும். தெரியவேண்டியது வராதவருக்கு. கரண்ட் இல்லாதவர், இரவு ஷிஃப்ட் பார்ப்பவர், பிள்ளைக்குப் பரீட்சை என்று உட்கார்ந்திருப்பவர். இப்போது எங்கள் வழக்கம் இது: குறிப்பாளர் வாரம் ஒருவர், முறைவைத்து. ஈதர்பேட் மாதிரி எல்லாரும் ஒன்றாகத் திருத்தக்கூடிய பக்கத்தைக் கூட்டம் நடக்கும்போதே திறந்துவைத்து எழுதுகிறோம். தவறாக எழுதினால் பேசியவரே அங்கேயே திருத்திவிடலாம். டெபியன்காரர்களிடம் மீட்பாட் என்று அரட்டையிலேயே இருக்கும் ஒரு குட்டி நிரல் உண்டு. இது தலைப்பு, இது ஒப்புக்கொண்டது, இது இன்னாருடைய வேலை என்று பேச்சின் நடுவே சின்னச் சின்னக் கட்டளை கொடுத்தால் கூட்டம் முடிந்ததும் குறிப்பைத் தானே தொகுத்துக் கொடுத்துவிடும். எங்களிடம் அது இல்லை, ஆனால் அதே பிரிவுகளைக் கையால் எழுதுகிறோம்.

‘குறிகள் பற்றிப் பேசப்பட்டது’ என்று மட்டும் எழுதாதீர்கள். இந்தப் ‘பட்டது’வைக் கண்டாலே எனக்கு ஆகாது. யார் என்ன சொன்னார், என்ன முடிந்தது, யார் எப்போதுக்குள் செய்யப்போகிறார்? ‘எழுத்துக் குறிகளை விட்டு எண் குறிகளுக்கு மாறுகிறோம். பழையதில் வேலை செய்பவர்கள் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.’ இந்த இரண்டு வரி அன்றைக்கு இருந்திருந்தால் போதும்.

இன்னொன்று, கூட்டத்தில் எடுத்த முடிவு எங்களிடம் உடனே செல்லாது. பல கட்டற்ற மென்பொருள்களை வளர்க்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் வாக்கெடுப்பு வைத்தால் குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்கவேண்டும் என்பது வழக்கம். உலகத்தில் எங்கே இருக்கிறவரும் தூங்கி எழுந்து, வேலைக்குப் போய்வந்து பார்க்கவேண்டுமே. ஆதரவு என்றால் +1, எதிர்ப்பு என்றால் -1. நிரல் மாற்றத்துக்கு -1 போட்டால் தொழில்நுட்பக் காரணமும் சொல்லவேண்டும். அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். ஞாயிறு முடிவு புதன் இரவுதான் உறுதியாகும். யாழ்ப்பாணத்துத் தம்பி இதுவரை இரண்டு முறை -1 போட்டிருக்கிறார். ஒரு முறை அவர் சொன்னதுதான் சரி. இன்னொன்றைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கூட்டத்தைப் பதிவுசெய்து யூடியூபில் போட்டால் குறிப்பு எழுதும் வேலை மிச்சம்தானே?
— அதே பொறியாளர், ஓசூர்

விடமாட்டீர்கள் போலிருக்கிறது. குபர்நெட்டிஸ் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் குழுக்கள் கூட்டங்களை யூடியூபில் ஏற்றுகின்றன, உண்மைதான். கூடவே குறிப்பும் எழுதுகிறார்கள், அதையும் பாருங்கள். ஒரு மணி நேர வீடியோவில் எந்த நிமிடத்தில் முடிவெடுத்தார்கள் என்று தேட எனக்குப் பொறுமை இல்லை, உங்களுக்கு இருக்கிறதா?

பயிற்சி வகுப்பு, தொழில்நுட்ப உரை என்றால் பதிவுசெய்கிறோம், முதலில் எல்லாரிடமும் கேட்டுவிட்டு. வாரக் கூட்டத்தைப் பதிவுசெய்வதில்லை. சிவப்புப் புள்ளி எரிந்தால் புதிதாக வந்த பெண் "இது எனக்குப் புரியவில்லை" என்று சொல்லமாட்டாள். எனக்கு அந்த வாக்கியம் வேண்டும்.

தமிழில் பேசினால் நாளை வேலைக்கு ஆகாது என்கிறான் மகன். ஆங்கிலத்திலேயே நடத்தலாமே?
— தகப்பனார், வேலூர்

உள்ளே இருக்கிறவர்கள் எல்லாருக்கும் எது சரளமோ அதில் பேசட்டும் ஐயா. நிரலில் மாற்றம் கேட்கும் கோரிக்கையும் வழு (நிரல் பிழை) அறிக்கையும் ஆங்கிலத்தில் எழுதத்தான் போகிறான். அந்தப் பழக்கம் தானாக வரும். எங்கள் கூட்டத்தில் "அந்த புல் ரிக்வெஸ்ட்டை மெர்ஜ் பண்ணிட்டீங்களா ஐயா?" என்று கேட்போம். (அனுப்பிய திருத்தத்தைச் சேர்த்துவிட்டீர்களா என்று பொருள்.) தமிழாசிரியர் ஐயா முதல் மாதம் முகம் சுளித்தார். இப்போது அவரே, "மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வருதும்மா, வந்து பாரு" என்கிறார். (இரண்டு பேர் செய்த திருத்தங்கள் மோதுகின்றனவாம்.)

என் வீட்டுக்காரர் ஞாயிறு ராத்திரி ஏழரை ஆனால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறார். ‘ஒரு மணி நேரம்தான்’ என்கிறார், ஒன்பதரைக்குத்தான் வெளியே வருகிறார். சம்பளமும் கிடையாதாம். இது என்ன கூட்டம்?
— இல்லத்தரசி, கரூர்

ஞாயிறு, ஏழரை, கரூர். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கரூரிலிருந்து எங்கள் குழுவில் ஒருவர்தான் இருக்கிறார்.

கூட்டம் எட்டரைக்கு முடிந்துவிடுகிறது. நானேதான் முடிக்கிறேன், கடிகாரத்தைப் பார்த்து. அதற்கு மேல் ஒரு மணி நேரம் நாலைந்து பேர் கதை பேச உட்கார்ந்துவிடுகிறார்கள், அதில் உங்கள் வீட்டுக்காரர் முக்கியஸ்தர். இட்லி மாவு புளிக்கிற வேகம் பற்றி அங்கே அவர் நிறையச் சொல்லியிருக்கிறார். மாவு ஆட்டுவது நீங்கள்தான் என்று இப்போது புரிகிறது.

இனி எட்டரைக்கு அறையையே மூடிவிடுகிறேன். ஆனால் வருகிற ஞாயிறு குறிப்பு எழுதும் முறை அவருடையது. அன்று மட்டும் ஒன்பது மணி வரை விட்டுவிடுங்கள் அம்மா.